ம்யூன்ஷ்பெர்க், 2017: வழிவிடாத வரிசை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜூலை 3, திங்கட்கிழமை. காலை ஏழு மணி கடந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. ஜெர்மனியில், பவேரிய மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள ம்யூன்ஷ்பெர்க் என்ற சிற்றூரை ஒட்டிச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில், தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பேருந்து, நெரிசலால் வேகம் குறைந்து ஊர்ந்துகொண்டிருந்த வாகன வரிசையின் வாலில் இருந்த லாரியின் ட்ரெய்லர்மீது மோதித் தீப்பற்றியது. சாக்சனி மாநிலத்திலிருந்து இத்தாலியின் கார்டா ஏரிக்குக் கிளம்பிய அந்தப் பேருந்தில் 46 பயணிகளும் 2 ஓட்டுநர்களுமாக 48 பேர் இருந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் வயதானவர்கள். முப்பது பேர் காயங்களோடு வெளியே வந்தார்கள். பேருந்தை ஓட்டிவந்தவர் உட்பட 18 பேர் உள்ளேயே இறந்துபோனார்கள். தீ அணைந்தபோது பேருந்தில் எஞ்சியது இரும்புச் சட்டம் மட்டுமே.

ஜெர்மனியில் இதைவிட அதிகம் பேர் இறந்த சாலை விபத்துகள் உண்டு. ஆனாலும் இந்த விபத்து வேறொரு காரணத்துக்காகத்தான் நாட்டின் நினைவில் தங்கிவிட்டது. அன்றே சம்பவ இடத்துக்கு வந்த பவேரிய உள்துறை அமைச்சர் யோவாகிம் ஹெர்மானும், கூட்டரசின் போக்குவரத்து அமைச்சர் அலெக்சாண்டர் டோப்ரின்ட்டும் இறந்தவர்களுக்கு இரங்கல் சொன்னதோடு நிற்கவில்லை. பின்னால் நெரிசலில் நின்ற வாகன ஓட்டிகள் மீட்பு வண்டிகளுக்குச் சரியாக வழிவிடவில்லை என்று வெளிப்படையாகக் கண்டித்தார்கள். வழி அடியோடு அடைபட்டுக் கிடந்தது என்பதல்ல குற்றச்சாட்டு. சிறிய வண்டிகள் எப்படியோ புகுந்து போய்விட்டன, பெரிய தீயணைப்பு வண்டிகள் நுழையும் அகலத்துக்கு வழி திறக்கப்படவில்லை, அதனால் அவை நேரத்தை இழந்தன என்பதே அவர்கள் சொன்னது. மறுநாள் செய்தித்தாள்களில் விபத்தும் வழிவிடாமையும் ஒரே செய்தியாகப் பின்னிக்கொண்டன. படித்தவர்கள் மனத்தில் ‘வழிவிட்டிருந்தால் பதினெட்டுப் பேரும் பிழைத்திருப்பார்கள்’ என்ற எண்ணம் இயல்பாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பின்னலைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். வழிவிடாமை உண்மை; அது வெட்கக்கேடு என்பதும் உண்மை. ஆனால் அன்றைய சாவுக்கு அதுதான் காரணமா என்பது தனிக் கேள்வி. பொறுமையற்ற ஓட்டுநர் என்று நாம் யாரைச் சொல்கிறோம், அந்த வரிசையில் அவர் எந்த இடத்தில், எதைக் கண்டு, எதைக் காணாமல் உட்கார்ந்திருந்தார் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

முதலில் இடம். ஏ9 என்பது பெர்லினையும் மியூனிக்கையும் இணைக்கும் சாலை; கிழக்கும் மேற்கும் ஒன்றான பிறகு திசைக்கு மூன்று தடங்களாக அகலப்படுத்தப்பட்டது. ம்யூன்ஷ்பெர்க் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஜெர்மானிய ஓட்டுநர்களுக்கு முன்பே அறிமுகமான பெயர்தான்: 1990 அக்டோபர் 19 அன்று மூடுபனியில் நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மீது ஒன்று மோதி 10 பேர் இறந்தது அங்கேதான். அதற்குப் பிறகு பனிமூட்ட எச்சரிக்கைப் பலகைகள் வந்தன, பள்ளத்துக்கு மேலே உயரமான பாலமும் கட்டப்பட்டது. சாலையின் குறையைச் சாலையைக் கொண்டே சரிசெய்ய முடியும் என்பதற்கு அந்தப் பாலம் சாட்சி. 2017இல் வெளிப்பட்ட குறையோ கான்கிரீட்டால் சரிசெய்யக்கூடியதல்ல.

ஜெர்மானியச் சாலை விதிகளின் 11ஆவது பிரிவு ‘ரெட்டுங்ஸ்காஸ’ என்று ஒன்றைக் கட்டாயமாக்குகிறது. மீட்பு வழி என்று தமிழில் சொல்லலாம். நெடுஞ்சாலையிலும், ஊருக்கு வெளியே திசைக்குக் குறைந்தது இரண்டு தடங்கள் உள்ள சாலைகளிலும், வாகனங்கள் நடைவேகத்துக்குக் குறைந்த உடனேயோ நின்ற உடனேயோ, இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், மற்றெல்லாத் தடங்களிலும் இருப்பவர்கள் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். நடுவே பிறக்கும் இடைவெளிதான் வழி. ஓட்டுநர் பயிற்சியில் இதைக் கையை வைத்தே சொல்லித்தருகிறார்கள். வலது கையை உள்ளங்கை கீழே இருக்கும்படி நீட்டிப் பாருங்கள்: கட்டைவிரல் இடது தடம், மற்ற நான்கு விரல்களும் மற்ற தடங்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ளது ஆம்புலன்ஸின் பாதை. (இடப்பக்கம் ஓட்டும் நமக்கு இதே பாடத்தை இடது கையைக் கொண்டு நடத்த வேண்டியிருக்கும்.)

இந்த விதியில் கவனிக்க வேண்டியது அதன் தொடக்கப் புள்ளி. சைரன் கேட்ட பிறகு ஒதுங்கு என்று அது சொல்லவில்லை. விபத்து நடந்திருக்கிறதா இல்லையா என்றே அது கேட்கவில்லை. வேகம் நடைவேகத்துக்கு இறங்கிவிட்டதா, ஒதுங்கு, அவ்வளவுதான். 2016 டிசம்பர் 14 அன்று, அதாவது ம்யூன்ஷ்பெர்க் விபத்துக்கு ஏறத்தாழ ஏழு மாதம் முன்புதான், இந்தத் தெளிவான வாசகம் சட்டத்தில் வந்தது. அதற்கு முன்பு ‘போக்குவரத்து தடைப்பட்டால்’ என்ற பொத்தாம்பொதுவான சொல்லே இருந்தது. நான்கு தடச் சாலையில் வழி எங்கே அமைய வேண்டும் என்பதும் வேறாக இருந்ததால், எத்தனை தடம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஒதுங்க வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு முன்கூட்டியே ஒதுங்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். இவ்வகை மூன்று தடச் சாலையில் தடங்கள் சுமார் 3.75, 3.75, 3.50 மீட்டர், கூட்டினால் 11 மீட்டர். வலது தடத்தில் ஒரு லாரி நிற்கிறது, அதன் அகலம் 2.55 மீட்டர். மற்ற இரண்டு தடங்களிலும் கார்கள், கண்ணாடிகளோடு சேர்த்து ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மீட்டர். மூன்றும் சேர்ந்து ஆறரை மீட்டரை எடுத்துக்கொண்டால் மிச்சம் நாலரை மீட்டர் இருக்கிறது. ஒரு பெரிய தீயணைப்பு வண்டிக்குக் கண்ணாடிகளையும் சேர்த்து மூன்று மீட்டர் போதும். ஆக, இடம் இல்லாமல் இல்லை. எல்லோரும் தத்தம் தடத்தின் நட்டநடுவில் நின்றுவிடும்போது அந்த நாலரை மீட்டர் நான்கு துண்டுகளாகச் சிதறிவிடுகிறது என்பதே சிக்கல். வாகனங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி கிடைக்கும்; அதில் மோட்டார் சைக்கிள் போகும், தீயணைப்பு வண்டி போகாது. ஒவ்வோர் ஓட்டுநரும் தன் காரை ஒரு மீட்டர் நகர்த்தினால் வழி பிறக்கிறது. நகர்த்தாத ஒரே ஒருவர் இருந்தால் அந்த இடத்தில் வழி முடிந்துபோகிறது. அவருக்கு முன்னால் இரண்டு கிலோமீட்டருக்கு எல்லோரும் ஒழுங்காக ஒதுங்கி நின்றிருந்தாலும் பயனில்லை.

நின்ற பிறகு நகர்த்தலாமே என்று தோன்றும். நகர்த்த முடியாது. கார் பக்கவாட்டில் நகர்வதில்லை. முன்னே உருண்டால்தான் ஒதுங்கும். முன்னே இருக்கும் காரின் பம்பரைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் அரை அடிகூடக் கிடைக்காது. காருக்கே இந்தக் கதி என்றால், பதினாறரை மீட்டர் நீள ட்ரெய்லர் லாரியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அது கோணலாக நின்றுவிட்டால், பின்பக்கத்தை நேராக்குவதற்கே இருபது முப்பது மீட்டர் முன்னே ஓட வேண்டும். நெரிசலில் அந்த இருபது மீட்டரை யார் தருவார்கள்? ஆகவே இடைவெளி விட்டு நிற்பதும் ஒதுங்கி நிற்பதும் தனித்தனி விஷயங்கள் அல்ல. முன்னே ஒரு கார் நீளம் காலி இடம் கண்டால் அதை உடனே நிரப்பும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ‘விட்டால் பக்கத்து வண்டி புகுந்துவிடும்’ என்ற பயம். அந்தப் பயம்தான் மீட்பு வழியை முதலில் அடைக்கிறது. யாரும் வழியை மறிக்கத் திட்டமிடுவதில்லை. வரிசையில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஓடும் தடங்களுக்கு வெளியே, வலது விளிம்பில் அவசர நிறுத்தத் தடம் இருக்கிறதே, அதில் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. பழுதான வண்டிகள் நிற்பதற்கே அது. பல பாலங்களிலும் பணி நடக்கும் இடங்களிலும் அது அறுந்துபோகிறது. பாதிவழியில் அறுந்துவிடும் பாதையை நம்பித் தீயணைப்பு வண்டியை விட முடியாது.

இனி அந்தக் காலைக்கு வருவோம். ‘சிறிய வண்டிகள் போயின, பெரியவை திணறின’ என்ற குற்றச்சாட்டுக்குள் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. ஜெர்மனியின் சிற்றூர்களில் தீயணைப்பு என்பது பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களின் வேலை. பேஜர் அலறியதும் பட்டறையிலிருந்தும் வயலிலிருந்தும் கடையிலிருந்தும் ஓடிவந்து, நிலையத்தில் உடை மாற்றிக்கொண்டு, ஆள் சேரச்சேர வண்டியை எடுக்கிறார்கள். பெரிய விபத்து என்றால் சுற்றுப்பட்டு ஊர்ப் படைகளும் அழைக்கப்படும். எனவே வண்டிகள் ஒரே ஊர்வலமாக வருவதில்லை; முதலில் போலீஸ் கார், பிறகு ஆம்புலன்ஸ், இரண்டு நிமிடம் கழித்து ஒரு தண்ணீர் வண்டி, இன்னும் சில நிமிடம் கழித்து அடுத்த ஊர் வண்டி, அதன்பின் மீட்புக் கருவிகளைச் சுமந்த கனரக வண்டி என்று அலையலையாக வரும். நெரிசலில் நிற்பவருக்கு இது தெரியாது. முதல் சைரனுக்கு ஒதுங்குகிறார். நீல விளக்கு கடந்துபோகிறது. ‘போயாச்சு’ என்று பழைய இடத்துக்கே திரும்புகிறார். சிலர் திறந்த வழியைக் கண்டு அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்க்கிறார்கள். முதலில் இருந்த வழி மூன்றாவது வண்டிக்குள் மூடிக்கொள்கிறது. மூன்றாவது வண்டிதான் பெரும்பாலும் அகலமானது.

அடுத்து, யாரும் கேட்க விரும்பாத கேள்வி: அந்தத் தாமதம் பதினெட்டுப் பேரைக் கொன்றதா? அழைப்பு கிடைத்ததிலிருந்து ஏறத்தாழ பத்து நிமிடத்தில் முதல் மீட்புப் பணியாளர்கள் சம்பவ இடத்தை அடைந்துவிட்டார்கள். பவேரியாவில் தீயணைப்புக்கு வைத்திருக்கும் இலக்கே பத்து நிமிடம்தான். அவர்கள் வந்தபோது பேருந்து முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. அனலின் கடுமையால் பக்கத்திலேயே போக முடியவில்லை. வெளியேற முடிந்தவர்கள் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். மோதலிலிருந்து பேருந்து முழுவதும் தீயில் மூழ்கியதுவரை கழிந்த நேரத்தையும், அருகிலுள்ள நிலையத்திலிருந்து காலியான சாலையில் ஓடிவரவே ஆகும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு அகலமான வழி திறந்திருந்தாலும் உள்ளே சிக்கியவர்களை எட்டியிருக்க முடியாது என்பதே என் கணிப்பு. பேருந்துக்குள் தீ பரவும் வேகம், முன்னே ஊரும் நெரிசலைக் கவனித்துத் தானே பிரேக் போடும் கருவி, முதிய பயணிகள் வெளியேறும் வாசல்கள் என்று இந்தச் சாவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவை வேறு. அவற்றைப் பற்றி அந்த வாரத்தில் எழுதப்பட்டது குறைவு. கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. வழிவிடாத ஓட்டுநரின் முகம் தயாராக இருந்தது.

இதைச் சொல்வதால் அந்த ஓட்டுநர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகாது. முப்பது பேர் காயம்பட்டிருந்தார்கள், சிலர் மிக மோசமாக. தீப்புண் பட்டவருக்கும் உள்காயம் பட்டவருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான். மேலும், பொறுமையின்மையின் விலை ஒரு விபத்தில் மட்டும் கட்டப்படுவதில்லை. எரியாத பேருந்தில், நசுங்கிய காரில், மாரடைப்பு வந்தவரின் அருகில் அதே ஐந்து நிமிடம் உயிருக்குச் சமம். இந்த விபத்தைக் காட்டித்தான் வழிவிடாமைக்கான அபராதம் பின்னர் திருத்தப்பட்டது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உதாரணம் பிசகானது. திருத்தம் பிசகானதல்ல என்று நினைக்கிறேன்.

அந்தத் திருத்தம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்குப் பழைய அபராதத் தொகையே போதும். மீட்பு வழி அமைக்காதவருக்கு அதுவரை விதிக்கப்பட்டது 20 யூரோ. குடும்பத்தோடு ஐஸ்கிரீம் சாப்பிடப் போனால் ஆகும் செலவு. டோப்ரின்ட் விபத்துக்குப் பிறகு தொகையை உயர்த்தப் போவதாக அறிவித்தார்; செப்டம்பரில் மாநிலங்களவை ஒப்புதல் தந்தது; 2017 அக்டோபர் 19 முதல் புதிய தொகை நடைமுறைக்கு வந்தது. வழி அமைக்காவிட்டால் 200 யூரோ, ஓட்டுநர் பதிவேட்டில் 2 புள்ளிகள். எட்டுப் புள்ளி சேர்ந்தால் உரிமம் பறிபோகும் நாட்டில் இரண்டு புள்ளி என்பது சாதாரணமல்ல. மீட்பு வண்டியை மறித்திருந்தால் 240, ஆபத்து விளைவித்திருந்தால் 280, சேதம் நேர்ந்திருந்தால் 320 யூரோ என்று படிப்படியாக ஏறும். இவற்றோடு ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் சேரும். பிந்தைய திருத்தங்களில் மற்றொரு வகை அவசரக்காரரும் பட்டியலில் சேர்க்கப்பட்டார்: திறந்திருக்கும் மீட்பு வழியிலேயே தன் காரை ஓட்டி முன்னேறுபவர். மோட்டார் சைக்கிளுக்கும் இதில் விலக்கு இல்லை.

இதற்கிடையில், விபத்துக்கு ஏறத்தாழ ஐந்து வாரம் முன்பு, 2017 மே 30 அன்று, குற்றவியல் சட்டத்தின் 323சி பிரிவில் இரண்டாவது உட்பிரிவு ஒன்று சேர்ந்திருந்தது. உதவி செய்யாமல் போவது அங்கே நெடுங்காலமாகவே குற்றம். உதவி செய்கிறவரை இடைமறிப்பதும் குற்றம் என்று புதிய பிரிவு சொல்லியது, ஓராண்டுவரை சிறை. கண்ணெதிரே நடப்பதை வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது. நெரிசலில் இரண்டு கிலோமீட்டர் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வேறு ரகம். முன்னவருக்கு விபத்து தெரிகிறது, இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதே அவருடைய பொறுமையின்மை. பின்னவருக்கு எதுவுமே தெரிவதில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்புதான் அவரை அரிக்கிறது. பொதுப் பேச்சில் இருவரையும் ஒரே வசவால் திட்டுகிறோம், ஆனால் ஒரே மருந்து இருவருக்கும் ஒத்துவராது.

வேடிக்கை பார்ப்பவரிடம் நேரடியாகப் பேசிப் பார்த்த முயற்சிகள் உண்டு. 2019 மே மாதம், நியூரம்பெர்க் வட்டாரத்தில் ஒரு லாரி ஓட்டுநர் இறந்துபோன விபத்தில், கைபேசியால் படமெடுத்துக்கொண்டே கடந்துபோனவர்களை ஒரு போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். வண்டியைவிட்டு இறங்குங்கள், இறந்தவரை அருகில் வந்து பாருங்கள் என்று ஒருவரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் மறுத்துக் குழைந்ததும் அபராதத்தை எழுதிக் கையில் கொடுத்தார். காணொளி நாடெங்கும் பரவியது. 2021 ஜனவரி 1 முதல், இறந்தவரை இழிவுபடுத்தும் விதத்தில் படமெடுப்பதே இரண்டாண்டுவரை சிறைக்குரிய குற்றம். அதே ஆண்டு யோஹானிட்டர் என்னும் மீட்பு அமைப்பு தன் ஆம்புலன்ஸ்களின் பக்கவாட்டில் பெரிய க்யூஆர் குறியீட்டை வரைந்தது; படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினால் கேமரா தானாகவே அதைப் படித்து, வேடிக்கை பார்ப்பது கொல்லும் என்ற எச்சரிக்கையைத் திரையில் காட்டும். புத்திசாலித்தனமான யோசனை, என்றாலும் அது நின்று பார்ப்பவரைத்தான் எட்டும். வரிசையின் நடுவில் வானொலி கேட்டபடி முன் காரின் பம்பரை உரசிக்கொண்டு நிற்பவரை எட்டாது.

அவருக்கான பதிலை 2022 செப்டம்பரில் ஓல்டன்பர்க் மேல்நீதிமன்றம் எழுதியது. மீட்பு வழி அமைக்காததற்காக அபராதம் பெற்ற ஓர் ஓட்டுநரின் வழக்கு அது. வாகனங்கள் நின்ற பிறகு நிலைமையைப் புரிந்துகொண்டு ஒதுங்க ஓட்டுநருக்கு ஓரளவு அவகாசம் தரப்பட வேண்டுமா என்பதே கேள்வி. யோசிப்பதற்கான அவகாசம் என்று எதுவும் சட்டத்தில் இல்லை, நடைவேகம் வந்த கணத்திலேயே கடமை தொடங்கிவிடுகிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொறியியல் கணக்கும் சட்டமும் இங்கே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: யோசித்து முடிக்கும்போது முன்னே உருள இடம் இருக்காது.

அமலாக்கம்தான் இன்றும் பலவீனமான கண்ணி. வழியை மறித்த காரை மிக அருகில் பார்ப்பவர் தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர்; பதிவெண்ணைக் குறித்துக்கொள்ள அவருக்குக் கை ஒழிவதில்லை. போலீஸ்காரரும் அதே வழியில் அதே அவசரத்தில் விபத்தை நோக்கிப் போகிறார். வேலை ஓய்ந்து அவர் திரும்பி வரும்போது வரிசை கலைந்திருக்கும்; ஒதுங்கியவரும் ஒதுங்காதவரும் சேர்ந்தே நூற்று முப்பதில் போய்க்கொண்டிருப்பார்கள்.